டிரோனை ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்க, 250 கிராம்கூட இல்லயே, திரும்பக் கிடைக்குமா?

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவுல இருக்கற ஒரு ஊர்ல இருந்து ஒரு தம்பி நீளமா ஒரு லெட்டர் எழுதியிருக்காரு. வயசு 31, பத்தாவது பாஸ், டிப்ளமோவை பாதியில விட்டவரு, கல்யாணம் காதுகுத்துன்னு வீடியோ எடுக்கற சின்ன ஸ்டுடியோ நடத்தறாரு. ரெண்டு வருஷம் முன்னாடி துபாய்ல வேலை பாக்கற மச்சினன் லீவுல வரும்போது டிஜேஐ மினி 3 டிரோன் ஒண்ணு வாங்கிட்டு வந்து குடுத்திருக்காரு. பில்லு இல்ல, ஏர்போர்ட்ல யாரும் கேக்கல, இவங்களும் சொல்லல. அதுக்கப்புறம் டிரோன் ஷாட் இல்லாம யாரும் ஆர்டரே தர்றதில்லன்னு ஆகிப்போச்சு. போன மாசம் பக்கத்து ஊர் கோயில் கும்பாபிஷேகத்துல கமிட்டிக்காரங்க கேட்டுக்கிட்டதால பறக்க விட்டிருக்காரு, அன்னிக்கு அமைச்சர் ஒருத்தரும் வந்திருக்காரு, கோபுரத்துக்கு மேல நிக்கும்போதே எஸ்ஐ வந்து இறக்கச் சொல்லி டிரோன், ரிமோட், பேட்டரி எல்லாத்தையும் ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. எழுத்துல எதுவும் தரல. "நாளைக்கு வா"ன்னு சொல்லிச் சொல்லி மூணு வாரம் ஓடிடுச்சு.

அவர் கேக்கறது இதுதான். 250 கிராமுக்குக் கீழ இருந்தா எந்த ரூலும் இல்லன்னு யூடியூப்ல சொல்றாங்களே, அப்புறம் எப்படி எடுத்தாங்க? கோயில் கமிட்டியும் பஞ்சாயத்துத் தலைவரும் லெட்டர் குடுத்திருக்காங்களே, அது செல்லாதா? பாஸ்போர்ட் இல்லாததால லைசென்ஸ் எடுக்க முடியாதாமே? 15,000 ரூபா குடுத்தா பில்லும் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரும் சேத்து வாங்கித் தர்றேன்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரே, பண்ணிடலாமா? மனைவி மகளிர் குழுவுல இருக்காங்க, அவங்க பேர்ல மானியத்துல மருந்தடிக்கற டிரோன் வாங்கி ஓட்டலாமா? கடைசியா ஒரு வரி, "சார் ஜெயிலுக்குப் போற மாதிரி ஆகுமா, வீட்ல யாரும் தூங்கறதில்ல."

தம்பி, அந்தக் கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கறேன். டிரோன் விதிகள் 2021-ஐ மீறுனா அதுக்குன்னு இருக்கறது அபராதம், அதிகபட்சம் 1 லட்சம் ரூபா, அதையும் உங்க தரப்பைக் கேட்டுட்டுத்தான் போட முடியும். ஜெயில்ங்கற பேச்சு வரணும்னா கூட வேற சட்டம் எதாவது சேரணும், உதாரணத்துக்கு கூட்டத்துக்கு மேல ஓட்டி யாருக்காவது ஆபத்து உண்டாக்குனீங்கன்னு பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த புதுச் சட்டம்) 125, போட்டிருந்த தடை உத்தரவை மீறுனீங்கன்னு பிஎன்எஸ் 223, இந்த மாதிரி. உங்க லெட்டர்படி யாருக்கும் அடிபடல, டிரோன் விழவும் இல்ல, சொன்ன உடனே இறக்கியிருக்கீங்க. அதனால வீட்ல இருக்கறவங்களைத் தூங்கச் சொல்லுங்க. ஆனா ஒரு விஷயத்துல உங்களுக்கு நெஜமாவே ஆபத்து இருக்கு, அது நீங்க பயப்படற இடத்துல இல்ல, அந்த ஏஜென்ட் சொன்ன 15,000 ரூபா வேலையில இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன், அதுவரைக்கும் அவருக்குப் பணம் மட்டும் போட்டுடாதீங்க.

முதல்ல ஸ்டேஷன் விஷயம்

போலீஸ் ஒரு பொருளைக் கைப்பத்துனா அது பிஎன்எஸ்எஸ்னு சொல்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 106-வது பிரிவுல வரும், பழைய சிஆர்பிசில 102. அப்படி எடுத்தா அதை உடனே மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்கணும்னு அதே பிரிவுலயே இருக்கு. மூணு வாரமா எஃப்ஐஆரும் இல்ல, புகாருக்குத் தர்ற சிஎஸ்ஆர் ரசீதும் இல்ல, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லன்னா அது சரியான முறை கிடையாது. டிரோன் விதியை மட்டும் மீறுனதுக்கு அபராதம்தானே இருக்கு, அதுக்கு 106-ல எடுக்கலாமான்னு கோர்ட்ல வாதாடவும் இடம் இருக்கு.

அதுக்காக ஸ்டேஷனுக்குப் போய் சட்டம் பேசணும்னு நான் சொல்லல. ஒரு வெள்ளைத்தாள்ல தேதி, நேரம், இடம், என்னென்ன எடுத்தாங்க, பேட்டரி எத்தனை, மெமரி கார்டு உள்ள இருந்துச்சா, டிரோனோட சீரியல் நம்பர் என்ன, எல்லாத்தையும் எழுதி, கைப்பற்றுதலுக்கு ரசீது வேணும்னு கேட்டு இன்ஸ்பெக்டர் பேருக்கு ஒரு மனு குடுங்க, நகல்ல சீல் வாங்குங்க, வாங்க மறுத்தா ரெஜிஸ்தர் தபால்ல அனுப்புங்க, எஸ்பி ஆபீசுக்கும் ஒரு நகல் போகட்டும். சீரியல் நம்பர் உங்க போன்ல இருக்கற பறக்கவிடற ஆப்லயே இருக்கும், தேடி எடுத்து வெச்சுக்கங்க. எங்க வாங்குனது, யார் குடுத்தாங்கங்கற கதையெல்லாம் இந்த மனுவுல வேண்டாம். பொய்யும் எழுதாதீங்க, கேக்காததைச் சொல்லவும் வேண்டாம்.

மெமரி கார்டைப் பத்தி நீங்க ஒரு வரியில தாண்டிப் போயிட்டீங்க, அந்தக் கார்டுல அதுக்கு முந்தின வாரம் எடுத்த ஒரு கல்யாணத்தோட டிரோன் ஷாட்டும் இருக்கு, இன்னும் காப்பி பண்ணலன்னு. என்னைக் கேட்டா உங்க கையை விட்டுப் போன பொருள்லயே விலை கூடுனது அதுதான். அந்தக் குடும்பத்துக்கு அந்த நாள் திரும்ப வராது. மனுவுல அதைத் தனியா எழுதுங்க, இன்னொருத்தரோட நிகழ்ச்சிப் பதிவு இதுல இருக்கு, அழிக்காம பாதுகாக்கணும், நகல் எடுக்க அனுமதிக்கணும்னு. அந்த வீட்டுக்காரங்ககிட்டயும் இப்பவே நேர்ல போய்ச் சொல்லிடுங்க.

249 கிராம் கணக்கு

நம்ம விதியில எடையை வெச்சு அஞ்சு வகை. 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதுக்கு மேல லார்ஜ். நானோவுக்குச் சலுகை இருக்கறது உண்மைதான். பைலட் சர்டிபிகேட் வேண்டாம், டைப் சர்டிபிகேட்னு அந்த மாடலுக்கே தர்ற தரச் சான்றும் வேண்டாம், இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்ல. யூடியூப்ல இதோட நிறுத்திடறாங்க. ஆனா யூஐஎன்னு சொல்ற பதிவு நம்பர் நானோவுக்கும் வேணும், எந்த இடத்துல எவ்வளவு உயரம் பறக்கலாம்ங்கற கட்டுப்பாடும் நானோவுக்கும் உண்டு. நானோன்னா எந்த ரூலும் கிடையாதுன்னு விதியில எங்கயும் சொல்லல.

உங்க விஷயத்துல அந்தச் சலுகையே கைநழுவிப் போகுது, அதையும் நீங்களே எழுதியிருக்கீங்க. "ஊர்வலம் முழுசா எடுக்கணும்னு பிளஸ் பேட்டரி போட்டுத்தான் ஓட்டுவேன்"னு. சாதா பேட்டரியோட 249 கிராம் இருக்கற அந்த டிரோன், பிளஸ் பேட்டரி போட்டா கிட்டத்தட்ட 290 கிராம் ஆயிடும். விதி பாக்கறது பறக்கும்போது இருக்கற மொத்த எடையை, டப்பாவுல போட்டிருக்கற எடையை இல்ல. ஆக கும்பாபிஷேகத்துல நீங்க ஓட்டுனது மைக்ரோ. மைக்ரோவை சொந்த ஆசைக்கு ஓட்டுனா பைலட் சர்டிபிகேட் தேவையில்ல, காசு வாங்கிட்டு ஓட்டுனா கட்டாயம் வேணும். இன்ஷூரன்ஸும் வேணும், டைப் சர்டிபிகேட் வாங்கின மாடலாவும் இருக்கணும். எஸ்ஐ தராசு வெச்சுப் பாத்திருக்க மாட்டாரு, ஆனா பேட்டரியும் சேத்துதான் அங்க இருக்கு, நாளைக்கு வக்கீல் வெச்சு "இது நானோ"ன்னு வாதாடுனா அதுவே உங்களுக்கு எதிரா நிக்கும். அந்த வாதத்தை நம்பி இறங்காதீங்க.

அடிப்படைச் சிக்கல் துபாய்ல இருந்து வந்த பெட்டியில

இதைச் சொல்றதுக்கு எனக்கே கஷ்டமா இருக்கு, ஏன்னா நீங்க இதை ஒரு சிக்கலாவே நினைக்கல. 2022 பிப்ரவரி 9-ம் தேதி மத்திய அரசோட டிஜிஎஃப்டி, அதாவது ஏற்றுமதி இறக்குமதியைப் பாத்துக்கற துறை, ஒரு அறிவிப்பு போட்டுச்சு. வெளிநாட்டு டிரோன் இந்தியாவுக்குள்ள வரக்கூடாது, முழுசாவும் வரக்கூடாது, பிரிச்சு பார்ட் பார்ட்டா கிட் மாதிரியும் வரக்கூடாது. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி இந்த மூணுக்கு மட்டும் விலக்கு, அதுவும் அனுமதி வாங்கித்தான். எடை 249 கிராமா 2 கிலோவாங்கற பேச்சே அந்தத் தடையில இல்ல. உள்நாட்டுல டிரோன் செய்யறவங்களை வளக்கணும்னு போட்டது, அதனாலதான் உதிரி பாகத்தை மட்டும் விட்டுட்டாங்க. உங்க மச்சினன் கொண்டு வந்தது தடைக்கு அப்புறம். அதோட கஸ்டம்ஸ் பாரத்துல டிரோன் இருக்கான்னு தனியா ஒரு கேள்வியே உண்டு, அதையும் அவர் சொல்லாம வந்திருக்காரு.

எல்லா ஸ்டுடியோவுலயும் இதே டிரோன்தானே வெச்சிருக்காங்கன்னு நீங்க கேக்கறது நியாயமான கேள்வி, நெஜமாவே ரொம்பப் பேர் வெச்சிருக்காங்க. 2021 நவம்பர் 30-க்கு முன்னாடி வந்த டிரோனை ஜிஎஸ்டி பில்லோட, முன்னாடியே டான் (டிரோன் வெச்சிருக்கறதை அரசுக்குத் தெரிவிச்சதுக்கான நம்பர்) வாங்கியிருந்தவங்க பதிவு பண்ணிக்க அப்ப ஒரு வாய்ப்பு குடுத்தாங்க. அந்த வழியில வந்த சில டிஜேஐ டிரோன் இன்னிக்கும் முறையா பறக்குது. மத்தபடி கைமாத்தி வந்ததெல்லாம் மாட்டற வரைக்கும்தான்.

கமிட்டி லெட்டர், பஞ்சாயத்து லெட்டர்

கோயில் நிர்வாகம் தர்றது அவங்க இடத்துல நின்னு படம் எடுக்கறதுக்கான அனுமதி. அது வேணும்தான், ஆனா மேல இருக்கற வான்வெளிக்கு அவங்க அனுமதி தர முடியாது, பஞ்சாயத்துத் தலைவரும் தர முடியாது. சொல்லப்போனா ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் வாங்கிட்டாலே எங்க வேணா பறக்கலாம்னு நெனைக்கறதும் தப்பு.

வான்வெளி மூணு கலரு. பச்சையில 400 அடி வரைக்கும், அதாவது 120 மீட்டர், பறக்கறதுக்கு யார்கிட்டயும் முன் அனுமதி வேண்டாம். விமான நிலையத்தோட எல்லையில இருந்து 8 கிலோமீட்டர்ல இருந்து 12 கிலோமீட்டர் வரை இருக்கற இடத்துல இந்த உயரம் 200 அடியா குறையும். அதுக்கு மேல போனா மஞ்சள், அங்க ஏர் டிராபிக் கன்ட்ரோல் அனுமதி வேணும். சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி இல்லாம கிடையாது. இதெல்லாம் டிரோனுக்குன்னு மத்திய அரசு வெச்சிருக்கற டிஜிட்டல் ஸ்கை இணையதளத்துல மேப்பா இருக்கு, பறக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு மேப்பைப் பாக்கணும்ங்கறது ஓட்டறவரோட கடமைன்னே விதியில எழுதியிருக்கு. நேத்து பாத்தேன்னு சொன்னா போதாது, ஏன்னா எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒருத்தர் ஒரு இடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரைக்கும் தற்காலிக சிவப்பு மண்டலமா அறிவிக்கலாம். அமைச்சர் வர்ற கும்பாபிஷேகத்துக்கு அப்படி ஒண்ணு போட்டிருக்க வாய்ப்பு உண்டு, இல்லன்னா பிஎன்எஸ்எஸ் 163-ல தடை உத்தரவு போட்டிருக்கலாம். உங்க வக்கீல் முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான், அன்னிக்கு அந்த இடத்துக்கு அப்படி எதாவது இருந்துச்சா இல்லயான்னு. இல்லன்னா உங்க கேஸ் பாதி லேசாயிடும்.

உங்க தொழில் பண்ற ஏரியாவுக்குன்னு இன்னொரு எச்சரிக்கையும் சொல்றேன். தஞ்சாவூர்ல விமானப்படை தளம் இருக்கு, சுகோய் போர் விமானம் நிக்கற இடம், சாதாரண ஏர்போர்ட் மாதிரி நெனச்சுடாதீங்க. அதே மாதிரி பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூணும் தொல்லியல் துறை பாதுகாக்கற இடம், யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கறது. அங்க பிரீ வெட்டிங் எடுக்கணும்னு ஜோடி கேப்பாங்க, காலையில ஆறு மணிக்கு யாரும் இல்லாதப்ப ஒரு ரவுண்டு விட்டுடலாம்னு தோணும். அந்தத் துறை அனுமதி இல்லாம விடாதீங்க.

அந்த 15,000 ரூபா

இப்ப அந்த ஏஜென்ட். அவர் என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியும்னு சொல்லல, ஆனா அவர் சொல்ற வேலையை நேர்மையா செய்ய வழியே இல்ல. யூஐஎன் பதிவுக்கு அரசுக் கட்டணம் 100 ரூபா. டிரான்ஸ்பருக்கும் 100 ரூபா. பைலட் சர்டிபிகேட்டுக்கும் கட்டணம் 100 ரூபாதான். நூறு ரூபா வேலைக்கு 15,000 கேக்கறாருன்னா மீதிக் காசு எதுக்குன்னு யோசிங்க, ஒண்ணு பழைய தேதி போட்ட பில்லு, இல்ல வேற யாரோ ஒருத்தரோட டான் நம்பரை உங்க மெஷினுக்கு ஒட்டறது.

இப்ப உங்க மேல இருக்கறது அபராதத்தோட முடியக்கூடிய தப்பு. பொய் பில்லை எடுத்துட்டுப் போய் ஸ்டேஷன்லயோ கோர்ட்லயோ குடுத்தீங்கன்னா அது மோசடியும் போலி ஆவணமும் ஆயிடும், அதுக்கெல்லாம் வருஷக்கணக்குல சிறை உண்டு. அதுவும் டிரோனோட சீரியல் நம்பரை வெச்சு எப்ப தயாரானதுன்னு பாத்தா 2021 தேதி போட்ட பில்லு ஒரு நிமிஷத்துல உடையும், மினி 3 சந்தைக்கு வந்ததே 2022-லதான். அந்த ஏஜென்ட்டோட நம்பரையே எடுத்துடுங்க தம்பி, தயவுசெஞ்சு.

அப்போ டிரோனைத் திரும்பக் கேக்கலாமா?

கேக்கறதுக்கு வழி இருக்கு. கோர்ட்டுல இன்னும் ஒப்படைக்காத பொருளா இருந்தா பிஎன்எஸ்எஸ் 503, கேஸ் போட்டு விசாரணையில இருந்தா 497, ரெண்டுலயும் மாஜிஸ்ட்ரேட்கிட்ட இடைக்காலமா திரும்பக் கேட்டு மனுப் போடலாம். ஆனா அந்த மனு போட்ட நிமிஷம் முதல் கேள்வி "ஓனர்னு காட்டு, பில்லு எங்க". பில்லு இல்லன்னா எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க, உண்மையச் சொன்னா கஸ்டம்ஸுக்குத் தகவல் போகலாம். கஸ்டம்ஸ் சட்டத்துல தடை செஞ்ச பொருளைப் பறிமுதல் பண்ணலாம், கொண்டு வந்தவருக்கும் தெரிஞ்சே வெச்சிருந்தவருக்கும் அபராதம் போடலாம். சாதாரண பொருளா இருந்தா தண்டம் கட்டி மீட்டுக்க வாய்ப்பு தந்தே ஆகணும், தடை செஞ்ச பொருளுக்கு அந்த வாய்ப்பைத் தர்றதும் தராததும் அதிகாரியோட முடிவு.

அதனால என் கருத்தை ஒளிக்காம சொல்றேன். இந்த டிரோனை மீட்கறதுக்காகப் பெருசா மல்லுக்கட்டாதீங்க. மீட்டாலும் அதை வெச்சு நீங்க ஒரு கல்யாணம்கூட முறையா எடுக்க முடியாது, அடுத்த எஸ்ஐ மறுபடி எடுப்பாரு. ரசீது வாங்குங்க, மெமரி கார்டுல இருக்கறதை மட்டும் கேளுங்க, அபராத நோட்டீஸ் வந்தா ஒழுங்கா பதில் குடுத்து, முதல் தடவை, யாருக்கும் சேதம் இல்ல, சொன்ன உடனே இறக்கிட்டேன்னு சொல்லித் தொகையைக் குறைக்கக் கேளுங்க. அறுபதாயிரம் எழுபதாயிரம் போச்சேன்னு வலிக்கும்தான், உங்க நிலைமையில அது சின்னக் காசு இல்லன்னு எனக்குப் புரியுது. அதை விட்டுட்டா உங்க மச்சினனும் நீங்களும் இதோட வெளியில வர வாய்ப்பு அதிகம், பிடிச்சுத் தொங்குனா அவரோட அடுத்த பயணம்கூடச் சிக்கலாகும்.

இது என்னோட கணிப்பு, உங்க ஊர் கோர்ட்ல பழகின ஒரு கிரிமினல் வக்கீல்கிட்ட பேப்பரைக் காட்டிட்டு முடிவெடுங்க.

இனிமே முறையா ஓட்டணும்னா

ஒரு காரை ரோட்ல எடுக்கறதுக்கு வண்டிக்கு ஆர்சி, ஓட்டறவருக்கு லைசென்ஸ், மோதுனா இன்ஷூரன்ஸ்னு கேக்கற மாதிரியேதான் இங்கயும், இன்ஷூரன்ஸ் விஷயத்துல மோட்டார் வாகனச் சட்டத்தையேதான் டிரோனுக்கும் பொருத்தியிருக்காங்க.

பாஸ்போர்ட் இல்லன்னு நீங்க மனசைவிட்டது தேவையே இல்ல. 2023 செப்டம்பர்ல விதியைத் திருத்திட்டாங்க, அரசு குடுத்த அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் போதும், வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் இதுல எதாவது. வயசு 18-ல இருந்து 65-க்குள்ள, பத்தாவது பாஸ், டிஜிசிஏ (மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகாரம் குடுத்த பயிற்சி நிலையத்துல படிச்சு பாஸ் பண்ணியிருக்கணும், அவ்வளவுதான். டிப்ளமோ முடிக்கலயேன்னு கூச்சப்பட்டு எழுதியிருக்கீங்க, அதை யாரும் கேக்கப் போறதில்ல. முன்னாடி லைசென்ஸ்னு இருந்ததை 2022-ல சர்டிபிகேட்னு மாத்திட்டாங்க, பயிற்சி நிலையமே தரும், 10 வருஷம் செல்லும். நம்ம பக்கம் அரசோட ஆளில்லா விமானக் கழகமும் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்துல அண்ணா பல்கலைக்கழகமும் பயிற்சி குடுக்கறாங்க, தனியார் நிலையங்களும் இருக்கு. பயிற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள முடியும், ஃபீஸ்தான் இடத்துக்கு இடம் வித்தியாசம், பல ஆயிரம் வரும். பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க, அந்த நிலையம் டிஜிசிஏ பட்டியல்ல இன்னிக்கும் இருக்கா, எந்த எடை வகைக்குச் சர்டிபிகேட் தர்றாங்க. எல்லா சர்டிபிகேட்டும் எல்லா டிரோனுக்கும் செல்லாது. "ஒரு ஃபிரண்டுகிட்ட இருக்கு, அவர் பேரைப் போட்டுக்கலாம்"னு லெட்டர்ல ஒரு ஓரமா எழுதியிருக்கீங்க, அது அவரோட சர்டிபிகேட், ரிமோட் அவர் கையில இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு.

டிரோனுக்கு மூணு வழி தெரியுது எனக்கு. ஒண்ணு, இந்தியாவுல செஞ்ச நானோ, 250-க்குள்ள, ஜிஎஸ்டி பில்லோட வாங்கி யூஐஎன் போட்டுட்டா பைலட் சர்டிபிகேட் இல்லாமயே கல்யாணம் எடுக்கலாம். கேமரா தரம் உங்க கைக்குப் பழகுன டிஜேஐ அளவுக்கு இருக்குமான்னு வாங்கறதுக்கு முன்னாடி சாயங்கால வெளிச்சத்துல டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க, மண்டபத்து சீரியல் செட் வெளிச்சத்துலதான் எல்லா கேமராவும் திணறும். ரெண்டாவது, டைப் சர்டிபிகேட் இருக்கற மைக்ரோ, கூடவே பைலட் சர்டிபிகேட், இன்ஷூரன்ஸ். செலவு கூட, ஆனா நீங்க இந்தத் தொழில்ல இருக்கப் போறவருன்னா இதுதான் நிக்கும். மூணாவது, முன்னாடி முறையா பதிவான பழைய டிரோனை செகண்ட் ஹேண்டா வாங்கறது. அதுல பதிவை உங்க பேருக்கு ஆன்லைன்ல மாத்துன பிறகுதான் முழுப் பணமும் குடுக்கணும், பழைய ஓனர் பேர்லயே ஓட்டிக்கலாம்னு சொன்னா வேண்டாம்னு வந்துடுங்க. பதிவு வேலையில பலதும் இப்ப டிஜிசிஏவோட ஈஜிசிஏ போர்ட்டலுக்கு மாறிடுச்சு, பழைய வீடியோவைப் பாத்து டிஜிட்டல் ஸ்கையிலயே தேடிட்டு இருக்காதீங்க.

இன்ஷூரன்ஸ் நானோவுக்குக் கட்டாயம் இல்லன்னாலும் எடுத்துடுங்கன்னுதான் சொல்வேன். பந்தலுக்கு மேல நாலு இறக்கை சுத்திட்டு இருக்கு, கீழ குழந்தைங்க ஓடிட்டு இருக்காங்க. எதாவது விபத்து ஆச்சுன்னா 48 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல தெரிவிக்கணும்ங்கறதும் விதி. பக்கத்து வீட்டு மொட்டை மாடி, ஆத்துல பொம்பளைங்க குளிக்கற படித்துறை இதெல்லாம் ஃபிரேம்ல வராம பாத்துக்கங்க, அது டிரோன் விதியைத் தாண்டி பிஎன்எஸ் 77 வரைக்கும் போகக்கூடிய விஷயம்.

2025 செப்டம்பர்ல மத்திய அரசு டிரோனுக்குன்னே தனிச் சட்ட வரைவு ஒண்ணு வெளியிட்டுச்சு, இப்ப இருக்கறதைவிடக் கடுமையான தண்டனை, பறிமுதல் அதிகாரம் எல்லாம் அதுல இருக்கு. அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

மகளிர் குழுவும் மருந்தடிக்கற டிரோனும்

நமோ டிரோன் தீதின்னு ஒரு மத்திய அரசுத் திட்டம், 2023 கடைசியில ஒப்புதல் ஆச்சு, 15,000 மகளிர் குழுவுக்கு டிரோன் தர்றதா திட்டம், விலையில 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் வரை மானியம். நீங்க நெனச்ச மாதிரி "மனைவி பேர்ல வாங்கி நான் ஓட்டறேன்"ங்கறது அதுல நடக்காது. டிரோன் குழுவோடது, வர்ற வாடகையும் குழுவோடது. குழுவுல ஒருத்தருக்கு 15 நாள் பயிற்சி, அதுல 5 நாள் பைலட் பயிற்சி, மீதி 10 நாள் உரம் மருந்து தெளிக்கறது. குழுவோட இன்னொரு உறுப்பினர் இல்ல குடும்பத்துல ஒருத்தருக்கு ரிப்பேர் பாக்கறதுக்குத் தனிப் பயிற்சி உண்டு, எலக்ட்ரிக்கல் மெக்கானிக்கல் வேலையில ஆர்வம் இருக்கறவங்களா பாத்து எடுப்பாங்க. உங்களுக்கு இடம் இருக்குன்னா அது அங்கதான். உங்க வீட்டம்மாவுக்கே பைலட் ஆக விருப்பம் இருக்கான்னு நீங்க லெட்டர்ல எழுதவே இல்ல, முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. இருந்தா வட்டார அளவுல மகளிர் திட்ட ஆபீஸ்ல இப்ப தேர்வு நடக்குதான்னு விசாரிக்கச் சொல்லுங்க.

தனியா கடன் வாங்கி இறங்கறதுன்னா யோசிச்சு இறங்குங்க. 10 லிட்டர் டேங்க் நெரப்புனா அது ஸ்மால் வகை, பைலட் சர்டிபிகேட், டைப் சர்டிபிகேட், இன்ஷூரன்ஸ் எதுலயும் தப்பிக்க முடியாது, அதோட டிரோன்ல தெளிக்க அனுமதிச்ச மருந்தைத்தான் தெளிக்கணும். குறுவை சம்பா ரெண்டு பட்டத்துலயும் எத்தனை நாள் வேலை கிடைக்கும்னு உங்க ஊர்ல ஏற்கனவே ஓட்டறவர் ஒருத்தர்கூட ஒரு வாரம் வயல்ல நின்னு பாத்துட்டு அப்புறம் பேங்குக்குப் போங்க.

தை மாசக் கல்யாணங்கள்

மூணு கல்யாணத்துக்கு டிரோன் சேத்து அட்வான்ஸ் வாங்கியாச்சு, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. யார்கிட்டயாவது இரவல் டிரோன் வாங்கி ஓட்டிடாதீங்க, ஒரு விஷயம் நிலுவையில இருக்கும்போது ரெண்டாவதா மாட்டுனா முதல் தடவைங்கற வாதமும் போயிடும். முறையா பேப்பர் வெச்சிருக்கற ஆபரேட்டர் ஒருத்தரை அன்னிக்கு மட்டும் வாடகைக்குப் போடுங்க, லாபம் குறையும், பரவால்ல. அவர்கிட்ட யூஐஎன், அவர் பேர்ல பைலட் சர்டிபிகேட், நடப்புல இருக்கற இன்ஷூரன்ஸ் மூணையும் போட்டோ வாங்கி வெச்சுக்கங்க, மண்டபம் இருக்கற இடம் மேப்ல என்ன கலர்னு நீங்களே ஒரு தடவை பாருங்க. இனிமே குடுக்கற கொட்டேஷன்ல "வான்வெளி அனுமதி இருந்தால் மட்டும் டிரோன், இல்லையென்றால் அந்தத் தொகை கழிக்கப்படும்"னு ஒரு வரி சேத்துடுங்க, அப்ப முகூர்த்தத்தன்னிக்கு பெண் வீட்டுக்காரங்க முன்னாடி நீங்க தலைகுனிய வேண்டி வராது.

கஸ்டம்ஸ்ல இருந்து சம்மன் வந்தா மட்டும் தனியா போகாதீங்க. கஸ்டம்ஸ் சட்டம் 108-ல அவங்க எழுதி வாங்கற வாக்குமூலம் போலீஸ்கிட்ட குடுக்கறது மாதிரி இல்ல, கோர்ட்ல உங்களுக்கு எதிராவே சாட்சியமா எடுத்துக்கலாம். போறதுக்கு முன்னாடி வக்கீலைப் பாருங்க, எழுதுனதை முழுசா படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடாதீங்க, மச்சினன்கிட்டயும் இதை இன்னிக்கே போன்ல சொல்லிடுங்க.